பாபிலோன் 5 பார்க்கத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜே. மைக்கேல் ஸ்ட்ராஸின்ஸ்கி உருவாக்கிய அமெரிக்க விண்வெளித் தொடர் 'பாபிலோன் 5'. 1993 பிப்ரவரியில் பைலட் படம், அதாவது தொடருக்கு முன்னோட்டமாக எடுக்கும் படம், வந்தது. 1994 ஜனவரியிலிருந்து 1998 நவம்பர் வரை ஐந்து சீசன் ஓடியது. பாராட்டிப் பேசுபவர்களின் பேச்சைக் கேட்டு உட்கார்ந்து, நான்காவது எபிசோடிலேயே எழுந்துபோகிறவர்கள் நிறைய. அவர்களைத் துரத்துகிற ஒவ்வொரு குறைக்கும் பின்னால் ஒரு தயாரிப்புக் காரணம் இருக்கிறது. அது தெரிந்திருந்தால், எதைப் பொறுத்துக்கொள்வது, எதைத் தாண்டிப்போவது என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம். பெரிய முடிச்சுகள் எதையும் இங்கே அவிழ்க்கவில்லை. ஒரே ஒரு பதிலில் கதை கொஞ்சம் வெளிப்படும். அங்கே எச்சரிக்கை இருக்கிறது.

அடிப்படையில் இது என்ன கதை?

பூமிக்கும் மின்பாரி இனத்துக்கும் நடந்த போரில் மனித இனம் அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. இன்னொரு போர் வராமலிருக்க, எல்லா இனங்களும் உட்கார்ந்து பேச ஒரு பொது இடம் வேண்டும் என்று கட்டப்பட்ட விண்வெளி நிலையம்தான் பாபிலோன் 5. முதல் மூன்று நிலையங்கள் நாசவேலையில் அழிந்தன. நான்காவது, இயங்கத் தொடங்கிய 24 மணி நேரத்தில் காணாமலே போனது. ஐந்தாவதில் கதை. சுமார் 8 கிலோமீட்டர் நீளம், இரண்டரை லட்சம் பேர் வசிக்கும் சுழலும் உருளை. கதை நடப்பது 2258 முதல் 2262 வரை, சீசனுக்கு ஓர் ஆண்டு.

ஐந்து தரப்புகளை நினைவில் வைத்தால் போதும். மனிதர்கள். மின்பாரிகள்: பழமையான, கட்டுப்பாடான, எதையும் பாதி மட்டும் சொல்கிற இனம். சென்டாரிகள்: பெருங்காயம் வைத்த பாண்டம் என்பார்களே, அதுதான். பேரரசு போய்விட்டது, வாசம் மட்டும் மிச்சம். நார்ன்கள்: நேற்றுவரை சென்டாரிகளுக்கு அடிமையாக இருந்து, இன்று பழிவாங்கத் துடிப்பவர்கள். வார்லான்கள்: கவசத்துக்குள்ளேயே இருப்பவர்கள், என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. மற்ற சின்னஞ்சிறு நாடுகள் ஒரு கூட்டணியாக வரும். பெயர் தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை.

மொத்தம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சீசனுக்கு 22 வீதம் 110 எபிசோட். ஒன்று ஏறத்தாழ 44 நிமிடம். ஆக 80 மணி நேரத்துக்குச் சற்று மேல். நாளுக்கு இரண்டு பார்த்தால் 55 நாள். ஒரே மூச்சில் ஆறு ஏழு என்று விழுங்க வேண்டாம். வாரம் ஒன்றாகப் பார்க்க எழுதப்பட்டது. முதல் சீசனில் போகிற போக்கில் ஒருவர் சொல்லும் வாக்கியம் மூன்றாம் சீசனில் திரும்பி வரும். அவசரமாகப் பார்த்தவர்களுக்கு அது தவறிப்போகும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

வெளியான வரிசைதான், இரண்டு மூன்று திருத்தங்களோடு.

முதலில் பைலட் படம் 'தி கேதரிங்'. அதில் இரண்டு வடிவங்கள் உண்டு. 1993இல் ஒளிபரப்பானது ஒன்று, 1998இல் டிஎன்டி சேனலுக்காக மறுபடி வெட்டி ஒட்டியது மற்றொன்று. கிடைத்தால் இரண்டாவதைப் பாருங்கள். ஓட்டம் தேவலை, இசையும் தொடருக்கு இசையமைத்த கிறிஸ்டோபர் ஃபிராங்கேயுடையது. பழைய வடிவத்தில் ஸ்டூவர்ட் கோப்லாண்டின் இசை இருக்கும். நல்ல இசைதான், ஆனால் வேறு வீட்டு வாசனை.

பிறகு சீசன் 1, 2, 3, 4. அடுத்து 'இன் தி பிகினிங்' என்ற படம். அதற்கப்புறம் சீசன் 5.

'இன் தி பிகினிங்' விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பத்தாண்டுகளுக்கு முந்தைய பூமி–மின்பாரி போரைச் சொல்வதாலும், பெயரே 'ஆதியில்' என்று இருப்பதாலும், அதை முதலில் போட்டுவிடுகிறார்கள். போட்டால் முதல் சீசனின் முதுகெலும்பு முறிந்துபோகும். நிலையத்தின் தளபதியும் முதல் சீசனின் நாயகனுமான சின்க்ளேரின் நினைவிலிருந்து போரின் கடைசி 24 மணி நேரம் அழிந்திருக்கிறது. அதில் என்ன நடந்தது என்ற கேள்விதான் உங்களை அந்த சீசன் முழுக்க இழுத்துப்போக வேண்டியது. படம் அந்தப் பதிலைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடும். 1998 ஜனவரியில், நான்காம் சீசன் முடிந்தபிறகுதான் அதை ஒளிபரப்பினார்கள்.

பைலட்டில் பார்த்த ஆட்கள் முதல் எபிசோடில் இல்லையே?

தவறான வீடியோ எதுவும் போடவில்லை, கவலை வேண்டாம். பைலட்டுக்கும் தொடருக்கும் நடுவில் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. துணைத் தளபதி தகாஷிமா, டாக்டர் கைல், மனம் படிக்கும் லைட்டா அலெக்சாண்டர் மூவரும் போய், அந்த இடங்களில் இவனோவா, டாக்டர் ஃபிராங்க்ளின், டாலியா விண்டர்ஸ் வந்தார்கள். லைட்டாவை மறக்க வேண்டாம், பின்னால் வேலை இருக்கிறது.

மின்பாரித் தூதர் டெலெனின் முகமும் பைலட்டில் வேறு மாதிரி, ஆண்சாயலாக இருக்கும். டெலெனை ஆணாகக் காட்டி, நடிகை மீரா ஃபுர்லானின் குரலை இயந்திரத்தில் மாற்றுவதாகத் திட்டம். குரல் சரியாக அமையவில்லை, திட்டத்தைக் கைவிட்டார்கள். முதல் சீசனில் ஒப்பனையும் மென்மையானது.

முதல் சீசன் இழுக்கிறதே. தாண்டிப் போகலாமா?

முழுதாகத் தாண்டக் கூடாது, குறுக்கலாம்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த மாதிரித் தொடர்களை ஊருக்கு ஊர் வெவ்வேறு உள்ளூர் டிவி நிலையங்கள் வாங்கி ஒளிபரப்பின. நேரம் மாறும், விளையாட்டுப் போட்டி வந்தால் ஒரு வாரம் காணாமல் போகும். ஆகவே எந்த எபிசோடை எவர் எப்போது பார்த்தாலும் புரிய வேண்டும் என்பது எழுதாத விதி. கதை முடிவில் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். நேற்று நடந்தது இன்றும் தொடரும் என்பது மெகா சீரியல் பார்த்து வளர்ந்த நமக்குச் சாதாரணம். அன்றைய அமெரிக்க விண்வெளித் தொடர்களில் அது அபூர்வம். எனவே முதல் சீசன் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது: வாரக்கதை மேலே ஓட, ஐந்தாண்டுக் கதைக்கான விதையை அடியில் தூவுகிறது. விதை தூவுவது பார்க்கச் சுவாரசியமான வேலை இல்லை.

பொறுமை குறைந்தவர்களுக்கான பட்டியல்: 1, 2, 5, 6, 8, 13, 18, 19, 20, 21, 22. இதோடு 10ஆவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12 எபிசோட், ஒன்பது மணி நேரத்துக்குள் முடியும். 10ஆவதான 'பிலீவர்ஸ்' பெரிய கதைக்குத் தேவையில்லை. அறுவை சிகிச்சை செய்தால் உயிர் பிழைக்கும் குழந்தை, உடலைக் கிழித்தால் ஆன்மா போய்விடும் என்று நம்பும் பெற்றோர், நடுவில் மருத்துவர். அதன் முடிவைப் பார்த்தால் இந்தத் தொடர் யாரையும் சமாதானப்படுத்த எழுதப்படவில்லை என்று புரியும்.

21ஆவதான 'தி குவாலிட்டி ஆஃப் மெர்ஸி' சாதாரண வாரக்கதை போலத் தெரிவதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். அதில் வருகிற ஒரு மருத்துவக் கருவி நான்காம் சீசனில் ஒருவரின் உயிர்க்கணக்கைத் தீர்க்கிறது. முழு சீசனையும் பார்க்க நினைப்பவர்கள்கூட 4, 14, 15 மூன்றையும் மனசாட்சி உறுத்தாமல் விடலாம். நான்காவதான 'இன்ஃபெக்ஷன்' முதலில் படமாக்கப்பட்ட எபிசோட். நடிகர்கள் யாரும் இன்னும் தங்கள் பாத்திரத்துக்குள் போகாததைக் கண்ணால் பார்க்கலாம்.

எங்கே வரை பார்த்துப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்?

இரண்டாம் சீசனின் 9ஆவது எபிசோட், 'தி கமிங் ஆஃப் ஷேடோஸ்'. 1996இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. அடுத்த ஆண்டும் இதே தொடர்தான் வாங்கியது, மூன்றாம் சீசனின் 10ஆவதான 'செவர்ட் ட்ரீம்ஸ்' எபிசோடுக்காக. 'தி கமிங் ஆஃப் ஷேடோஸ்' பார்த்து முடித்தபின்னும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை. தயங்காமல் மூடிவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் ஏன் பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கிறது?

கப்பல்களைப் பொம்மையாகச் செய்து கேமரா முன் தொங்கவிட்டுப் படமெடுப்பதுதான் அன்றைய வழக்கம். பாபிலோன் 5 பைலட்டிலிருந்தே கணினியில் வரைந்தது. ரான் தார்ன்டன் தலைமையில் ஃபவுண்டேஷன் இமேஜிங் நிறுவனம், அமிகா கணினிகளில் வீடியோ டோஸ்டர் அட்டையைச் செருகி, லைட்வேவ் மென்பொருளில் உருவாக்கியது. வீட்டு மேசையில் வைக்கிற வகைக் கணினிதான் அமிகா. பைலட்டின் காட்சி விளைவுகளுக்கு எம்மி விருதும் கிடைத்தது. பொம்மைக் கப்பலுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கில், நூறு கப்பல் மோதும் போரைக் காட்ட முடிந்தது இதனால்தான்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அந்தக் காட்சிகள் அன்றைய டிவியின் தரத்திலேயே வரையப்பட்டு வீடியோவில் பதிந்தன, ஃபிலிமில் அல்ல. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரைப் பிற்பாடு ப்ளூ-ரேக்குப் புதுப்பித்தபோது, பொம்மைக் கப்பல்களைப் படமெடுத்த ஃபிலிம் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தார்கள், பளிச்சென்று வந்தது. இங்கே போய் எடுக்க ஃபிலிமே கிடையாது. பழைய வீடியோவைப் பெரிதாக்குவது ஒன்றே வழி.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது? டிவியில் எதை மாற்ற வேண்டும்?

படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் அது 2021இல் வெளியான ரீமாஸ்டர். அதைப் பாருங்கள். திரை முழுக்க நிரம்பினால் அது பழைய டிவிடிக்காகச் செய்த அகலத்திரைப் பதிப்பு. கூடுமானவரை தவிருங்கள்.

நடிகர்களை அகலத்திரைக்கும் பொருந்தும்படி சூப்பர் 35 முறையில் ஃபிலிமில் எடுத்தார்கள், தொலைநோக்கோடுதான். கிராஃபிக்ஸை மட்டும் 4:3 சதுரத்திரைக்கு வரைந்தார்கள். டிவிடிக்கு அகலமாக்கும்போது நடிகர் காட்சிகளுக்குப் பிரச்சினை இல்லை, பக்கவாட்டில் கூடுதல் படம் கையில் இருந்தது. கிராஃபிக்ஸ் காட்சிக்கு அப்படி எதுவும் இல்லை. மேலும் கீழும் வெட்டித்தான் அகலமாக்க முடியும். 4:3ஐ 16:9 ஆக்கினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். அமெரிக்க டிவியின் 480 வரியில் 360தான் மிச்சம். அந்த 360ஐ மறுபடி இழுத்துப் பெரிதாக்கினார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் யாராவது துப்பாக்கியை எடுக்கும் இடத்துக்குப் போங்கள். ஒளிக்கற்றை பாயும் அந்த ஒரு ஷாட்டில் மட்டும் முகங்கள் திடீரென்று பெரிதாகி, கண்ணாடியில் எண்ணெய் தடவியதுபோல மங்கும். அடுத்த ஷாட்டில் மறுபடி தெளியும். கணினி விளைவு சேர்ந்த ஷாட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். காட்சி மெல்ல மங்கி அடுத்த காட்சியாக மாறும் இடங்களும் சேர்த்துத்தான்.

ரீமாஸ்டரில் ஃபிலிமைப் புதிதாக ஸ்கேன் செய்து, முதலில் ஒளிபரப்பான 4:3 வடிவிலேயே விட்டார்கள். கிராஃபிக்ஸ் அதிலும் சற்று மங்கல்தான், ஆனால் வெட்டு இல்லை, குதிப்பு இல்லை. 2023 டிசம்பரில் வந்த ப்ளூ-ரேயிலும் இந்த ரீமாஸ்டர்தான்.

டிவி ரிமோட்டில் மூன்று விஷயம். படவடிவத்தை 'ஒரிஜினல்' அல்லது '4:3' என்று வையுங்கள். ஜூம், ஸ்ட்ரெட்ச் எதுவும் வேண்டாம். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். ஃபிலிமில் நொடிக்கு 24 படம்தான், இடைப்படங்களை டிவி தானாக இட்டுக்கட்டினால் அரங்கச் சுவர் அட்டை என்று அப்பட்டமாகத் தெரியும். ஷார்ப்னெஸைக் கீழே இறக்குங்கள். ஏற்றினால் விண்கப்பலைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்ப்பது இதெல்லாவற்றையும்விட நல்ல மருந்து.

அறிவியல் எந்த அளவுக்குச் சரி?

எதிர்பார்ப்பதைவிடச் சரி, சில இடங்களில் மட்டும்.

மனிதர்களிடம் செயற்கை ஈர்ப்புத் தொழில்நுட்பம் கிடையாது. நிலையம் சுழல்வதால்தான் எடை. உருளையின் ஓரத்தில் எடை முழுதாக இருக்கும், நடு அச்சை நோக்கிப் போகப்போகக் குறைந்து, அச்சில் இல்லாமலே போகும். தொடர் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் மறப்பதில்லை. ஸ்டார்ஃபியூரி போர் விமானங்கள் எரிபொருள் எரித்துக் கிளம்புவதில்லை. பிடியை விட்டால் போதும், சுழற்சியே அவற்றை வெளியே எறிந்துவிடும், கவண்கல் போல. இரண்டாம் சீசன் கடைசியில் ஒருவர் நடு அச்சில் ஓடும் வண்டியிலிருந்து குதிக்க நேர்கிறது. அங்கே எடை இல்லாததால் விழுவது மெதுவாகத்தான். ஆனால் கீழே தோட்டம் சுழன்றுகொண்டிருக்கிறது, தரை பக்கவாட்டில் வந்து மோதும். அதுதான் ஆபத்து என்று பாத்திரங்களே பேசிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூட இயற்பியலை வைத்து இவ்வளவு பதற்றம் உண்டாக்கிய காட்சிகள் குறைவு.

ஸ்டார்ஃபியூரிக்கு நான்கு முனையிலும் உந்துபொறிகள். துரத்தி வருபவனைச் சுட வேண்டுமானால் வட்டமடித்துத் திரும்பத் தேவையில்லை. என்ஜினை அணைத்தாலும் கப்பல் போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். அப்படியே மூக்கை 180 பாகை திருப்பிப் பின்பக்கமாகப் பறந்துகொண்டே சுடலாம். மற்ற தொடர்களில் விண்கப்பல்கள் காற்றில் பறக்கும் விமானம்போலச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்த காலம் அது.

பூமியின் பெரிய போர்க்கப்பல்களின் நடுப்பகுதி சுழல்வதையும் கவனியுங்கள். மின்பாரி, சென்டாரி கப்பல்களில் சுழற்சி இல்லை, அவர்களிடம் செயற்கை ஈர்ப்பு இருக்கிறது. யார் முன்னேறியவர் என்பதை ஒரு வசனம் இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

சறுக்கல்களும் உண்டு. வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்கிறது. மனம் படிப்பவர்கள் வருகிறார்கள். ஆன்மா பற்றிய பேச்சு அறிவியலைத் தாண்டிப் போகிறது. இவற்றைக் கதையின் விதியாக ஏற்றுக்கொள்வதே வழி.

முதல் சீசன் நாயகன் இரண்டாம் சீசனில் ஏன் இல்லை?

சின்க்ளேராக நடித்த மைக்கேல் ஓ'ஹேர் கடுமையான மனநோயால் அவதிப்பட்டுக்கொண்டே முதல் சீசனை முடித்தார். படப்பிடிப்பை நிறுத்திவைக்கிறேன் என்று ஸ்ட்ராஸின்ஸ்கி சொன்னபோது, அத்தனை பேர் பிழைப்பு போய்விடும் என்று மறுத்துவிட்டார். 2012இல் ஓ'ஹேர் இறந்தபிறகு, 2013இல்தான் ஸ்ட்ராஸின்ஸ்கி இதை வெளியில் சொன்னார். அதுவரை சேனல் துரத்திவிட்டது, நடிப்பு பிடிக்கவில்லை என்று ரசிகர்கள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது முதல் சீசனைப் பார்க்கிறவர்களுக்கு அவர் முகத்தின் இறுக்கம் வேறு மாதிரி தெரியும்.

கதை எப்படித் தாக்குப்பிடித்தது என்றால், ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஸ்ட்ராஸின்ஸ்கி ஒரு 'பொறிக்கதவு' வைத்திருந்தார். நடிகர் போனால் பாத்திரத்தை எந்த வழியாக வெளியே அனுப்புவது, அவர் சுமந்த கதையை யார் தலையில் ஏற்றுவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்தது. சின்க்ளேரின் சுமையில் பெரும்பகுதி புதிய கேப்டன் ஷெரிடனிடம் (புரூஸ் பாக்ஸ்லைட்னர்) போனது. சில துண்டுகள் சின்க்ளேருக்கென்றே காத்திருந்தன. முதல் சீசன் 20ஆவதுக்கும் மூன்றாம் சீசன் 16, 17க்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். சின்னஞ்சிறு பொருத்தமின்மைகள் தெரியும். நாயகன் மாறிய வீட்டில் அந்த அளவு விரிசல்கூட இல்லாமல் இருக்குமா?

எல்லாரும் லாண்டோ, ஜி'கார் என்கிறார்களே, அப்படி என்ன? (இரண்டாம், மூன்றாம் சீசனின் சிறு பகுதி வெளிப்படும்)

லாண்டோ சென்டாரித் தூதர், நடித்தவர் பீட்டர் ஜுராசிக். ஜி'கார் நார்ன் தூதர், ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ். முதல் எபிசோடில் லாண்டோ குடித்து உளறும் கோமாளி, ஜி'கார் வில்லன். ஐந்து சீசனில் இந்த இருவரும் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதற்காகவே 80 மணி நேரம் கொடுக்கலாம். ஷெரிடன் கதை வீரகதை, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழக்கமான கதை.

முதல் சீசன் 13ஆவதில் மார்டன் என்ற கோட்டுசூட்டுக்காரர் தூதர் தூதராகப் போய் ஒரே கேள்வி கேட்கிறார்: உங்களுக்கு என்ன வேண்டும்? ஜி'கார் பழி வேண்டும் என்கிறார், அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால் பதில் இல்லை. டெலென் வெளியே போ என்கிறார். லாண்டோ முதலில் எரிச்சலோடு தட்டிக்கழிக்கிறார். விடாமல் கேட்டதும் உள்ளே கிடந்ததெல்லாம் கொட்டுகிறது. மார்டன் ஒரு வாக்குறுதியும் தருவதில்லை. புன்னகைத்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். கைகேயியின் அறைக்குள் கூனி வந்துபோன கணம் அது. கூனிக்காவது கோபம் இருந்தது, இந்த ஆளுக்கு அதுவும் இல்லை.

மூன்றாம் சீசன் 2ஆவதில், குண்டுவெடிப்பில் இருவரும் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே தீ. ஒத்துழைத்தால் தப்பலாம் என்று லாண்டோ கெஞ்சுகிறார். ஜி'கார் அசையவில்லை. ஒரு சென்டாரியைக் கொன்றால் ஐந்நூறு நார்ன்கள் கொல்லப்படுவார்கள் என்பது முந்தைய சீசனில் விதித்த சட்டம். கையால் கொல்ல முடியாது. ஆனால் இந்தத் தீயில் லாண்டோ செத்தால் யாரையும் குற்றம்சொல்ல முடியாதே. உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும். தானும் சேர்ந்து சாகத்தான் வேண்டும், பரவாயில்லை. சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு முன்பின் தெரியாதவர்களும் சிரிப்பார்கள். முந்தைய நாற்பத்தைந்து எபிசோடையும் பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும்.

'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரிலிருந்து காப்பி அடித்ததா? இல்லை மறுபக்கமா?

ஸ்டார் ட்ரெக் குடும்பத்தின் அந்தத் தொடர் 1993 ஜனவரியில் வந்தது, பாபிலோன் 5 பைலட் பிப்ரவரியில். தேதியைப் பார்த்தால் இது காப்பி. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஸ்ட்ராஸின்ஸ்கி தன் திட்டத்தை ஸ்டார் ட்ரெக் தயாரிக்கும் பாரமவுண்ட் நிறுவனத்திடம் கொடுத்திருந்தார் என்பது இந்தப் பக்க வாதம். சண்டை வருடக்கணக்கில் ஓடியது. ஸ்டார் ட்ரெக்கைப் படைத்த ஜீன் ராடன்பெரியின் மனைவி மேஜல் பேரட்டே மூன்றாம் சீசன் 9ஆவதில் சென்டாரிப் பேரரசரின் விதவையாக வந்து நடித்துவிட்டுப் போனார். போதும் நிறுத்துங்கள் என்று அவர் சொல்லாமல் சொன்னது அது. இரண்டையும் பாருங்கள். பொதுவாக இருப்பது விண்வெளி நிலையம் மட்டும்தான்.

நான்காம் சீசன் ஓடுகிறது, ஐந்தாவது நொண்டுகிறது. ஏன்?

முதல் நான்கு சீசனை ஒளிபரப்பிய பிடிஇஎன் வலையமைப்பு நான்காவது முடிகிற சமயத்தில் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. ஐந்தாவது கிடைக்காது என்ற பயத்தில், ஸ்ட்ராஸின்ஸ்கி பெரிய முடிச்சுகள் எல்லாவற்றையும் நான்காவதிலேயே அவிழ்த்துவிட்டார். இயல்பாக விட்டிருந்தால் நான்காவது 18ஆவது எபிசோடின் இடத்தில் முடிந்திருக்கும். கடைசி எபிசோடான 'ஸ்லீப்பிங் இன் லைட்' கூட அப்போதே படமாகிவிட்டது. பிறகு டிஎன்டி சேனல் கைகொடுத்து ஐந்தாவது உறுதியானது. எடுத்து வைத்திருந்த முடிவை ஒதுக்கிவைத்து, நான்காவதுக்கு வேறு கடைசி எபிசோடை அவசரமாகச் செய்தார்கள்.

இதனால்தான் ஐந்தாம் சீசன் முழுக்க இல்லாத இவனோவா கடைசி எபிசோடில் மட்டும் வருகிறார். அவராக நடித்த கிளாடியா கிறிஸ்டியன் நான்காவதோடு விலகிவிட்டார், முடிவு அதற்கு முன்பே எடுத்தது.

ஐந்தாவதின் முற்பாதியில் வரவேண்டிய கதை ஏற்கெனவே செலவாகிவிட்டதால், பைரன் என்ற மனம்படிப்பவரின் கூட்டத்தை வைத்து 11ஆவது வரை இழுக்கிறார்கள். அங்கே பலர் கழன்றுகொள்கிறார்கள். கழல வேண்டாம். 5, 7 இரண்டையும் தாண்டலாம். 4ஆவது, பெரிய போரை இரண்டு பராமரிப்புத் தொழிலாளிகளின் கண்ணால் பார்ப்பது, நல்ல சிறுகதை. 8ஆவதை நீல் கெய்மன் எழுதினார். 14இலிருந்து வண்டி மறுபடி மேடேறும். 18ஆவதான 'தி ஃபால் ஆஃப் சென்டாரி பிரைம்' தொடரின் மிகச்சிறந்த ஐந்து எபிசோடுக்குள் வரும்.

எல்லாவற்றையும் ஒருவரே எழுதினாராமே?

110இல் 92. மூன்றாம், நான்காம் சீசன்களின் 44 எபிசோடும் அவர் கையெழுத்து மட்டும். நன்மை வெளிப்படை: முதல் ஆண்டில் போட்ட முடிச்சு நான்காம் ஆண்டில் அதே கையால் அவிழ்கிறது. கெடுதலும் உண்டு. எல்லாப் பாத்திரமும் மேடைப்பேச்சில் தேர்ந்தவர்கள். நகைச்சுவை சில சமயம் பல்லில் கல் கடிக்கிற மாதிரி. ஒரே எழுத்தாளரின் பழக்கங்கள் 80 மணி நேரத்தில் பழகிப்போகும், எரிச்சலூட்டவும் செய்யும்.

ஸ்பாய்லரிலிருந்து தப்புவது எப்படி?

நடிகர் பட்டியலைத் தேடாதீர்கள். யார் எந்த ஆண்டுவரை இருக்கிறார் என்பதே பாதிக்கதை. எபிசோட் படங்களையும் ஒருவரிச் சுருக்கங்களையும் பார்க்காமல் நேராக 'அடுத்தது' அழுத்துங்கள். தொடக்க இசையை மட்டும் தாண்டாதீர்கள். சீசனுக்குச் சீசன் இசையும் முன்னுரையும் மாறும். மூன்றாம் சீசன் முன்னுரையில் வினைச்சொல்லின் காலம் மாறுவதைக் கேட்டால் நிலைமை கைமீறிவிட்டது புரியும். தமிழில் சப்டைட்டில் எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலச் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். லாண்டோவின் உச்சரிப்பு வேண்டுமென்றே கோணலாகச் செய்தது.

மற்றப் படங்களும் கிளைத்தொடர்களும்?

'தேர்ட்ஸ்பேஸ்' நான்காம் சீசன் நடுவில் நடக்கும் கதை, அந்த சீசனை முடித்துவிட்டுப் பாருங்கள். நடுவில் செருகினால் வேகம் கெடும். 'தி ரிவர் ஆஃப் சோல்ஸ்' விட்டாலும் பாதகமில்லை. 'எ கால் டு ஆர்ம்ஸ்' 1999இல் வந்த 'குருசேட்' கிளைத்தொடருக்கு முன்கதை. 'குருசேட்' 13 எபிசோடோடு நின்றது. சேனலின் தலையீட்டில் நடுவழியில் சீருடை மாறியது, ஒளிபரப்பிய வரிசையும் குழப்பம். முடிவில்லாத கதை என்று தெரிந்தே தொடங்குங்கள். 2002இன் 'லெஜண்ட் ஆஃப் தி ரேஞ்சர்ஸ்' வேண்டாம். 2023இல் வந்த அனிமேஷன் படம் 'தி ரோட் ஹோம்' எல்லாம் பார்த்து முடித்தவர்களுக்கான பழைய நண்பர்கள் சந்திப்பு.

ஐந்தாம் சீசன் 21க்கும் 22க்கும் நடுவில் இந்தப் படங்களைக் காலவரிசைப்படி செருகச் சொல்பவர்கள் உண்டு. செருக வேண்டாம். 21ஆவதில் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள், அந்த ஈரம் காயுமுன் 22ஐப் பார்க்க வேண்டும். அதில் சில நொடிகளே வந்து, ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகும் தொழிலாளி யார் என்று பாருங்கள். ஸ்ட்ராஸின்ஸ்கிதான்.

இது பிடித்தால் அடுத்து எது?

அரசியல் பிடித்திருந்தால் 'தி எக்ஸ்பேன்ஸ்', ஆறு சீசன், 62 எபிசோட். சுழற்சி ஈர்ப்பு, உந்துவிசைக் கணக்கு எல்லாம் இதைவிடக் கறார். போரின் நெருக்கடி பிடித்திருந்தால் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா', ஆனால் 2003இன் குறுந்தொடரிலிருந்து தொடங்க வேண்டும். பல இடங்களில் அதைத் தனியாகப் போட்டிருப்பதால் நேரே சீசன் 1க்குப் போய் விழிக்கிறார்கள். 'ஃபயர்ஃப்ளை' என்றால் 14 எபிசோட்தான். 2002இல் சேனல் வரிசையைக் குலைத்து, தொடக்கக்கதையான இரண்டு மணி நேர 'செரினிட்டி'யைக் கடைசியில் ஒளிபரப்பியது. ப்ளேயரில் முதலில் வருவது 'செரினிட்டி'யா, 'தி ட்ரெயின் ஜாப்'பா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.